ப்ளூ கார்டு கிடைச்சாச்சு, அப்புறம்? ஜெர்மனியில் முதல் வருஷம் எப்படி இருக்கும்?

நவம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பெர்லின். மணி மாலை நான்குதான் ஆகிறது. அதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. ஃப்ரிட்ஜில் பால் தீர்ந்துபோயிருக்கிறது. கீழே போய் வாங்கலாம் என்றால் சூப்பர் மார்க்கெட் பூட்டிக் கிடக்கிறது. ஞாயிறு அல்லவா, இனி நாளைக் காலைதான். கோவையில் இப்போது இரவு எட்டரை. வீடியோ காலில் அம்மா கேட்கிறார்: "சாப்டியா கண்ணு? அங்க எல்லாம் எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கும்மா."

கோவையிலிருந்து ஏழு மாதத்துக்கு முன் போன 29 வயது சாஃப்ட்வேர் டெவலப்பர் இவர் என்று வைத்துக்கொள்வோம். இவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. சம்பளம் நன்றாக வருகிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஆறு மணிக்கு மேல் மேனேஜர் போன் செய்வதில்லை. ஆனால் 'சூப்பர்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் அவர் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது. ஜெர்மனிக்குக் கிளம்பத் தயாராகும் பலருக்கு விசா பற்றி எல்லாம் தெரியும். அந்தச் சொல்லாமல் விட்ட பகுதிதான் தெரியாது. அது என்ன, எப்படிச் சமாளிப்பது என்று பார்க்கலாம்.

ஏன் எல்லோரும் ஜெர்மனி என்கிறார்கள்?

ஜெர்மனியில் வயதானவர்கள் அதிகம், வேலைக்கு ஆள் குறைவு. 2024 அக்டோபரில் அப்போதைய ஜெர்மனி பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸ் டெல்லி வந்தபோது ஓர் அறிவிப்பு வெளியானது. திறன் பெற்ற இந்தியப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக உயர்த்துகிறோம் என்றார்கள்.

பட்டதாரிகளுக்கான முக்கியக் கதவு 'ஐரோப்பிய யூனியன் ப்ளூ கார்டு'. 2025 கணக்குப்படி ஆண்டுக்கு 48,300 யூரோ சம்பளத்தில் வேலை கையில் இருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஐடி உள்ளிட்ட ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும், புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கும் சுமார் 43,760 யூரோ போதும். இந்தத் தொகை ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும்.

கதவு திறந்திருக்கிறது, சரி. உள்ளே போன பிறகு?

'ஆறாவது மாதம்' ஏன் கஷ்டமா இருக்கு?

புது நாட்டுக்குப் போகிறவர்களின் மனநிலை பற்றி 70 வருடங்களாக ஆராய்ச்சிகள் நடக்கின்றன. நார்வே சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்கள் 200 பேரை ஆய்வு செய்து 1955இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் நன்றாகவே ஒட்டிப்போயிருந்தார்கள். 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. நடுவில், அதாவது 6 முதல் 18 மாதம் வரை இருந்தவர்கள்தான் ரொம்பத் திணறியிருந்தார்கள். படமாக வரைந்தால் ஆங்கில 'யூ' எழுத்துபோல இறங்கி ஏறும்.

மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் இதையே 'கல்ச்சர் ஷாக்' என்ற பெயரில் விளக்கினார். முதலில் தேனிலவு, அடுத்து எரிச்சல், பிறகு மெல்லத் தெளிவு, கடைசியில் பழக்கம். எல்லோருக்கும் இந்த வரிசையில்தான் நடக்கும் என்பதில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் இந்த வளைவைக் கேள்வி கேட்டிருக்கின்றன. இருந்தாலும் இது ஒரு பயனுள்ள எச்சரிக்கை. முதல் மாதம் நன்றாகப் போகிறது என்பதால் 'செட் ஆகிட்டேன்' என்று முடிவு கட்டக் கூடாது. ஆறாவது மாதத்தில் எல்லாம் வெறுத்துப்போனால் 'நமக்கு இது சரிப்படாது' என்றும் முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு விஷயம், காலம் போகப்போகத் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருந்தால் சரியாகாது. முதல் வருடத்தில் செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிப்போடுபவர்களுக்குத்தான் இரண்டாவது நவம்பரும் முதல் நவம்பர் மாதிரியே இருக்கும்.

முதல் வேலை: கதவில் உங்கள் பெயர்

ஜெர்மனியில் இறங்கியதும் கற்றுக்கொள்ளும் முதல் வார்த்தை 'அன்மெல்டுங்'. முகவரிப் பதிவு. ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்' என்று ஹவுஸ் ஓனர் தரும் கடிதம் அதற்கு வேண்டும்.

இது சாதாரணப் பதிவு இல்லை. இதைச் செய்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது வரத் தாமதமானால் சம்பளத்தில் அதிகபட்ச வரி பிடிக்கப்படலாம். பிறகு சரிசெய்து தருவார்கள் என்றாலும் முதல் மாதம் கை கடிக்கும். பல வங்கிகள் கணக்கு தொடங்கவும் இதைத்தான் கேட்கும். நல்ல வீடு தேடினால் சம்பளச் சீட்டும், 'ஷூஃபா' என்ற கடன் வரலாற்று அறிக்கையும் கேட்பார்கள். நேற்றுதான் வந்த ஆளுக்கு ஏது வரலாறு? வீடு இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் மற்றதும் இல்லை. நம்ம ஊரில் ரேஷன் கார்டுக்கு அலைந்தவர்களுக்கு இந்தச் சுற்று புரியும்.

தப்பிக்க வழி: முதல் சில மாதங்களுக்கு எடுக்கும் தற்காலிக வீட்டிலேயே 'பதிவுக்கான கடிதம் தருவீர்களா?' என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். தர மாட்டோம் என்றால் வாடகை குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். வீட்டை நேரில் பார்க்காமல், சாவி கையில் வராமல், அட்வான்ஸ் அனுப்பவே கூடாது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன்' என்று யாராவது சொன்னால் அது மோசடி.

நம்ம ஊர் அட்வான்ஸுக்கு அங்கே 'கவுட்சியோன்' என்று பெயர். அதிகபட்சம் மூன்று மாத வாடகைதான் வாங்கலாம். அதையும் மூன்று தவணையாகக் கட்ட உரிமை உண்டு. விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருந்தால் வெறும் வாடகை, 'வார்ம்' என்றால் ஹீட்டிங், தண்ணீர் போன்ற செலவுகளும் சேர்த்து. பல வீடுகளில் சமையலறை என்ற பெயரில் நான்கு சுவரும் ஒரு குழாயும் மட்டும் இருக்கும். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் குடிவருபவர் பாடு. சில இடங்களில் கூரையிலிருந்து பல்புக்கு வரும் வயர் மட்டும் தொங்கும்.

கடைசியாக, தபால் பெட்டியில் பெயர் ஒட்ட வேண்டும். அங்கே பிளாட் நம்பர் பார்த்து தபால் போடுவதில்லை, பெயர் பார்த்துத்தான். பெயர் இல்லையென்றால் வரி எண்ணும் வங்கிக் கார்டும் வந்த வழியே திரும்பிவிடும். இங்கேதான் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் இருக்கும். ஆகவே பெட்டியில், அழைப்பு மணியில், ஆஸ்பத்திரி வரவேற்பறையில் எல்லாம் உங்கள் பெயர் 'முருகேசன்'. திடீரென்று யாராவது "ஹெர் முருகேசன்!" என்று கூப்பிட்டால் அப்பாவைத் தேடாமல் நீங்கள் எழுந்து போக வேண்டும்.

சம்பளம்: கைக்கு வருவது எவ்வளவு?

ஆண்டுக்கு 60,000 யூரோ என்று ஆஃபர் லெட்டரில் பார்த்ததும் நம் கை தானாக 100ஆல் பெருக்கும். அறுபது லட்சம்! கொஞ்சம் பொறுங்கள். திருமணமாகாத ஒருவருக்கு, வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் போக மாதம் கைக்கு வருவது தோராயமாக 3,100 யூரோ. முனிச் போன்ற நகரத்தில் அதில் பெரும் பங்கை வாடகை எடுத்துக்கொள்ளும்.

போன பணம் வீண் இல்லை. பொது மருத்துவக் காப்பீட்டில், வருமானம் இல்லாத துணைக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் கட்டணம் இல்லாமல் காப்பீடு கிடைக்கும். உடம்பு சரியில்லாமல் போனால் ஆறு வாரம் வரை நிறுவனம் முழுச் சம்பளம் தர வேண்டும். குழந்தை இருந்தால் 2025இல் மாதம் 255 யூரோ உதவித்தொகை உண்டு.

எதிர்பாராமல் வரும் செலவுகளும் உண்டு. வீட்டில் டிவி இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ பொது ஒளிபரப்புக் கட்டணம். முகவரிப் பதிவின்போது மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட் என்று எழுதினால் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகக் கூடுதலாகப் போகும். தெரிந்து எழுதுவது நல்லது. இந்திய ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் புதிதாக எழுத வேண்டும்.

முதல் சில மாதம் ஒவ்வொரு காபியையும் ரூபாயில் மாற்றிப் பார்ப்பீர்கள். 'ஒரு டீ முந்நூறு ரூபாயா!' இது எல்லோருக்கும் நடக்கும். ஆனால் வருடம் முழுக்க இப்படியே இருந்தால் ஆபீஸ் நண்பர்களோடு சாப்பிடப் போக மாட்டீர்கள், குளிர்கால கோட் வாங்க மாட்டீர்கள், மொழி வகுப்பில் சேர மாட்டீர்கள். மிச்சம் பிடிப்பது சரிதான். எதில் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போடலாமா?

ஜெர்மனியில் ஞாயிறு என்பது லீவு நாள் மட்டும் இல்லை, அரசியல் சட்டமே காப்பாற்றும் ஓய்வு நாள். 1919ஆம் ஆண்டு வைமர் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட அந்தப் பிரிவு இன்றைய சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. அதனால்தான் கடைகள் மூடியிருக்கின்றன. ரயில் நிலையங்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் சில கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

இரவு 10 முதல் காலை 6 வரை 'ரூஹெட்ஸைட்', அமைதி நேரம். ஞாயிறு நாள் முழுக்க அப்படித்தான். சுவரில் டிரில் போடுவது, பழைய பாட்டிலைக் கண்ணாடித் தொட்டியில் 'டமார்' என்று போடுவது எல்லாம் கூடாது. ஞாயிறு விடியற்காலையில் கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டினால் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்ட வாய்ப்பு உண்டு. சனிக்கிழமை பகலில் ஆட்டி வைத்துவிடுங்கள். குளிரில் மாவு புளிப்பதற்கும் அந்த ஒரு நாள் தேவைப்படும்.

குப்பை இன்னொரு பாடம். பேப்பருக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக் பேக்கிங்குக்கு ஒன்று, காய்கறிக் கழிவுக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று. கண்ணாடியை நிறம் பார்த்துத் தெருமுனையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் வாங்கும்போதே 25 சென்ட் டெபாசிட் பிடிப்பார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள மெஷினில் போட்டால் திரும்ப வரும்.

இதையெல்லாம்விட முக்கியம் ஜன்னல். கடும் குளிரிலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை ஜன்னல்களை ஐந்து, பத்து நிமிடம் முழுசாகத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் தங்கி சுவரில் பூஞ்சை பிடிக்கும். காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைப்பார்கள். தினமும் குக்கர் வைத்து, தாளித்து, ரசம் கொதிக்கவிடும் வீட்டில் ஈரம் இன்னும் அதிகம்.

ஆபீஸ்: அங்கேயும் 'நீ', 'நீங்க' உண்டு

ஆங்கிலத்தில் எல்லோரும் 'யூ'தான். ஜெர்மன் மொழியில் 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். இது தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வித்தியாசம் என்னவென்றால், ஐடி நிறுவனங்களில் மேலதிகாரியைக்கூட 'டூ' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அரசு அலுவலகத்திலும், டாக்டரிடமும், வயதான பக்கத்து வீட்டுக்காரரிடமும் 'ஸீ'தான். 'நீ' என்று மாறலாம் என்பதைப் பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அதிர்ச்சி தருவது நேரடிப் பேச்சு. 'இந்த டிசைன் வேலைக்கு ஆகாது' என்று மீட்டிங்கில் பத்து பேர் முன்னால் சொல்வார்கள். அரை மணி நேரம் கழித்து அதே ஆள் காபி குடிக்கக் கூப்பிடுவார். குறை சொன்னது வேலையை, உங்களை இல்லை. அதேபோல நீங்களும் 'பண்ணிடலாம்' என்று சும்மா தலையாட்டக் கூடாது. முடியாததை முடியாது என்று முதல் நாளே சொன்னால் மரியாதை. கடைசி நாள் சொன்னால் நம்பிக்கை போய்விடும்.

வேலை முடியும் நேரத்துக்கு 'ஃபையராபென்ட்' என்று தனி வார்த்தையே வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு மெயில் போடுவது உழைப்பாகப் பார்க்கப்படாது, திட்டமிடத் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள். பிறந்த நாளுக்கு கேக் கொண்டுவர வேண்டியது பிறந்த நாள்காரர்தான், நம்ம ஊர் 'ட்ரீட்' மாதிரி. ஆனால் ஒரு நாள் முன்னதாகவே வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்று நினைப்பவர்கள் உண்டு.

'ஆபீஸ்ல இங்கிலீஷ்தானே' என்று விட்டால்?

இதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. ஆபீஸில் ஆங்கிலம் போதும். ஆபீஸுக்கு வெளியே எல்லாமே ஜெர்மன். வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம், குழந்தையின் பள்ளிச் சுற்றறிக்கை, டாக்டரின் உதவியாளர், வெளிநாட்டவர் அலுவலகத்து ஊழியர். கடிதத்தை போனில் படம் எடுத்து மொழிபெயர்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டில் சொல்லும் ஜோக்கை மொழிபெயர்க்க முடியாது.

சட்டமும் மொழிக்கு விலை போட்டிருக்கிறது. ப்ளூ கார்டில் இருப்பவர் 27 மாதம் வேலை செய்து, ஏ1 எனும் ஆரம்ப நிலை ஜெர்மன் தெரிந்தால் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கலாம். பி1 எனும் நடுத்தர நிலை தெரிந்தால் 21 மாதமே போதும். குடியுரிமைக்கு 5 ஆண்டுகள் வசிப்பதோடு பி1 வேண்டும். 2024 ஜூன் முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. ஆனால் இந்தியா ஏற்பதில்லை; ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இதே பாடம் எதிர்த் திசையில் நடந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். அவரிடம் மொழிபெயர்க்கும் ஆப் இல்லை என்பதும் ஒரு வசதிதான்.

கிளம்பும் முன்பே தொடங்கலாம். சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் என்று அறியப்படும் கோத்தே நிறுவனம் வகுப்பு நடத்துகிறது. அங்கே போன பிறகு 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ' எனப்படும் பொதுக் கல்வி மையங்களில் குறைந்த கட்டணத்தில் மாலை வகுப்புகள் உண்டு. வாரத்துக்கு இரண்டு மாலை. முதல் வருடத்தில் இதைத் தவிர வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை.

வீட்டில் இருப்பவரை யார் கேட்கிறார்கள்?

வேலைக்குப் போகிறவருக்குக் காலையில் எழுந்தால் ஒரு ஆபீஸ் இருக்கிறது, பேச ஒரு டீம் இருக்கிறது, திட்டவாவது ஒரு ஆள் இருக்கிறது. கூடப் போகும் மனைவிக்கு, அல்லது கணவருக்கு? பல வீடுகளில் ஊரில் நல்ல வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். காலை எட்டரைக்குக் கதவு மூடினால் மாலை ஆறு வரை அந்த வீட்டில் தமிழ் பேசுவது போன் மட்டும்தான்.

ஜெர்மனியில் முதல் வருடம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'நீ சம்பாதிக்க வந்த, நான் எதுக்கு வந்தேன்?' என்ற கேள்வி ஒரு சண்டையில் வெளியே வரும்போது, அது பல மாதமாக உள்ளே இருந்திருக்கும்.

சட்டம் இந்த விஷயத்தில் தாராளமாகவே இருக்கிறது. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு விசா வாங்க ஜெர்மன் தேர்வு தேவையில்லை. வந்த உடனே எந்த வேலைக்கும் போகலாம், தனி அனுமதி வேண்டாம். ஆனால் தேர்வு தேவையில்லை என்பதாலேயே பலர் மொழி தெரியாமல் வந்து இறங்கிவிடுகிறார்கள். ஐடி தவிர மற்ற வேலைகளுக்கு மொழி இல்லாமல் கதவு திறப்பது கஷ்டம். நர்ஸ், டாக்டர், ஆசிரியர் போன்ற தொழில்களுக்குப் பட்டத்தை ஜெர்மனி முறைப்படி அங்கீகரிக்க வேண்டும். நர்ஸ் வேலைக்குப் பொதுவாக பி2 நிலை கேட்கப்படுகிறது. இதற்கு ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம்.

புதிதாக வருபவர்களுக்கு அரசே 'ஒருங்கிணைப்பு வகுப்பு' நடத்துகிறது. பொதுவாக 600 பாட வேளை மொழி, 100 பாட வேளை அந்த நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறை. இந்த வகுப்பின் இன்னொரு பயன் எந்த அறிவிப்பிலும் இருக்காது. சிரியாவிலிருந்து வந்தவர், பிரேசிலில் இருந்து வந்தவர், உக்ரைனிலிருந்து வந்தவர் என்று எல்லோரும் தப்பும் தவறுமாக ஒரே மொழியில் பேசி, முதல் நண்பர்கள் கிடைப்பது இந்த வகுப்பறையில்தான்.

ஆகவே பணக் கணக்குப் போடும்போது துணையின் மொழி வகுப்பை ஆடம்பரச் செலவாக எழுதாதீர்கள். வாடகைக்கு அடுத்த வரியில் எழுதுங்கள். வேலைக்குப் போகிறவர் வாரத்தில் சில மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அந்தக் கணக்கில் வரும். ஒரு வயதான குழந்தைக்கு 'கீட்டா' என்ற காப்பகத்தில் இடம் பெற 2013 முதல் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் நகரங்களில் இடம் கிடைக்க நீண்ட காத்திருப்பு. வீடு கிடைத்த வாரமே பதிந்துவிட வேண்டும்.

இருட்டும் ஒரு காரணம்

டிசம்பர் 21 அன்று பெர்லினில் சூரியன் காலை எட்டேகாலுக்கு உதித்து, மாலை நான்குக்கு முன் மறைந்துவிடும். மொத்தம் ஏழே முக்கால் மணி நேரம்கூட வெளிச்சம் இல்லை. சென்னையின் மிகக் குறுகிய நாளே 11 மணி நேரத்துக்கு மேல். இருட்டில் ஆபீஸ் போய் இருட்டில் திரும்புகிறவருக்கு மனசு சோர்ந்துபோவது அவர் பலவீனம் இல்லை. குளிர்கால மனச்சோர்வை மருத்துவமே தனியாக வகைப்படுத்தியிருக்கிறது.

மதிய இடைவேளையில் 20 நிமிடம் வெளியே நடப்பது, வைட்டமின் டி அளவைப் பரிசோதிப்பது, சனிக்கிழமை பகலை வீட்டுக்குள் தூங்கிக் கழிக்காமல் இருப்பது எல்லாம் சின்ன விஷயங்கள்தான், பலன் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால் 'குளிர் அப்படித்தான்' என்று விடாமல் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. அவசரம்தான், ஆனால் ஆஸ்பத்திரி அளவுக்கு இல்லை, கிளினிக்கும் மூடியிருக்கிறது என்றால் 116117. இரண்டையும் விமானம் ஏறும் முன்பே போனில் சேமித்து வையுங்கள்.

வேலை போனால்?

யாரும் பேச விரும்பாத கேள்வி. முதல் ஆறு மாதம் பெரும்பாலும் தகுதிகாண் காலம். அதில் இரண்டு வார நோட்டீஸில் வேலையை விட்டு நிறுத்தலாம். அப்படி நடந்தால் அதிர்ச்சியில் ஒரு வாரம் படுத்துவிடாதீர்கள். தெரிந்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய யூனியனின் 2021 விதிப்படி, ப்ளூ கார்டு வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவர்கள் புது வேலை தேட மூன்று மாதமும், அதற்கு மேல் ஆனவர்கள் ஆறு மாதமும் வரை வேலையில்லாமல் இருந்தால் அதற்காகக் கார்டைப் பறிக்க முடியாது. 12 மாதம் காப்பீட்டுப் பங்கு கட்டியிருந்தால் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம் உதவித்தொகை உண்டு. முதல் வருடத்துக்குள் என்றால் இது கிடைக்காது. எனவே முதல் வருடத்தில் மூன்று மாதச் செலவுக்கான பணத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பிளாட் புக் செய்வது அதற்குப் பிறகு.

முன்னாடியே போனவர்கள்

இந்த நாட்டுக்கு வந்த முதல் தமிழர்கள் ஐடி ஊழியர்கள் இல்லை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஈழத் தமிழர்கள் இங்கே நாற்பது ஆண்டுகளாக வாழ்கிறார்கள். ஆஃபர் லெட்டர் இல்லை, ஆங்கிலம் பேசும் ஆபீஸ் இல்லை. ஹோட்டல் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் எழுப்பியது. ஆண்டுதோறும் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். 'தமிழாலயம்' என்ற பெயரில் பல நகரங்களில் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகளும் நடக்கின்றன.

புளியும் கறிவேப்பிலையும் வாங்க அவர்கள் கடைக்குப் போனால், "தம்பி ஊரில எவடம்? டொச் படிக்கிறீங்களோ?" என்று கேட்பார்கள். டொச் என்றால் ஜெர்மன் மொழி. அது வெறும் விசாரிப்பு இல்லை. நாற்பது வருட அனுபவம் கேட்கும் கேள்வி.

நம் ஆட்களோடு மட்டுமே இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. வாட்ஸ்அப் குரூப், வாரயிறுதி பிரியாணி, புதுப்பட ரிலீஸ் எல்லாம் தேவைதான். கூடவே ஒரு 'ஃபெராயின்' வேண்டும். கால்பந்து, செஸ், மலையேற்றம், பாட்டு என்று எதற்கும் ஒரு சங்கம் வைத்திருப்பது ஜெர்மானியர்கள் வழக்கம். நாட்டில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவு பெற்ற சங்கங்கள் இருக்கின்றன. அவர்கள் சீக்கிரம் நண்பர்களாக மாட்டார்கள் என்பது உண்மை. வாரம் தவறாமல் ஒரே முகத்தைப் பார்த்தால்தான் பேச ஆரம்பிப்பார்கள். அதற்கு இதுதான் இடம்.

கிளம்பும் முன் ஒரு சின்ன லிஸ்ட்

* துணையும் சேர்ந்து ஏ1 வரையாவது ஜெர்மன் படித்துவிடுங்கள்.
* முதல் வீட்டிலேயே முகவரிப் பதிவுக்கான கடிதம் கிடைக்குமா என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள்.
* பதிவு செய்த திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, பட்டச் சான்றுகளின் அசல்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.
* இந்திய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் தெரிவியுங்கள். வெளிநாட்டில் குடியேறிய பிறகு சாதாரணக் கணக்கைத் தொடர்வது அந்நியச் செலாவணி விதிப்படி தவறு.
* அப்பா, அம்மாவின் மருத்துவக் காப்பீட்டையும், அவசரத்துக்கு ஓடிவரும் ஒரு சொந்தக்காரர் அல்லது நண்பரின் பெயரையும் முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். நள்ளிரவில் ஊரிலிருந்து போன் வரும்போது அங்கிருந்து உங்களால் முடிந்தது குறைவு.

அடுத்த நவம்பர்

ஒரு வருடம் கழித்து அதே ஞாயிற்றுக்கிழமை. மணி நான்கு, வெளியே அதே இருட்டு. ஃப்ரிட்ஜில் பால் இருக்கிறது, சனிக்கிழமையே வாங்கியாச்சு. இட்லி மாவும் பொங்கி நிற்கிறது. மனைவி மேஜையில் பி1 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். மேல் வீட்டுப் பாட்டி நேற்று மாடிப்படியில் நிறுத்தி நீளமாக ஏதோ சொன்னார், பாதி புரிந்தது.

வீடியோ காலில் அம்மா: "எல்லாம் எப்படி இருக்கு கண்ணு?"

"இங்க செம குளிரும்மா. நாலு மணிக்கே இருட்டிடுது. போன வருஷம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, உங்ககிட்ட சொல்லல. இப்ப பரவால்ல."